அந்த ‘உம்’ என்ன உம்மை?

கேள்வி: எங்க தெருவுல ஒரு பாட்டிம்மா, 84 வயசு. போன வாரம்தான் பேச்சு கொடுத்தேன். இந்த வயசுலயும் தனியா சமைச்சு சாப்பிட்டு, பேங்குக்கும் தானே போயிட்டு வர்றாங்க. முதுமைன்னா முடங்கிக் கிடக்கறதுன்னு நினைச்சிட்டிருந்தேன், அது தப்பா? வயசுங்கறது வெறும் நம்பர்தானா சார்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பாட்டி நல்லா இருக்கட்டும்மா. எனக்கு அந்த ‘வயசுலயும்’ல தொங்கற ‘உம்’தான் கண்ணுல படுது.

காரணம் எங்க பழைய புரூஃப் ரீடர். அவருக்கும் எனக்கும் 20 வருஷப் பகை, எல்லாம் ஒரு ‘க்’குக்காக. நான் ‘வாழ்த்துக்கள்’னு எழுதுவேன், அவர் ‘வாழ்த்துகள்’னு திருத்துவார், அவர் டீ குடிக்கப் போனதும் நான் ‘க்’கைத் திரும்பச் சொருகுவேன், ஒரு பொங்கல் மலர்ல அட்டையில ஒரு மாதிரி உள்ள ஒரு மாதிரி வந்து மானம் போச்சு. போன மாசம் அவருக்கு 87 முடிஞ்சுது, பாக்கப் போனேன். போற வழியெல்லாம் மனசுக்குள்ள ஒரு படம் ஓடுது, கட்டில், கஷாயம், என்னை யாருன்னு கேக்கப் போறார், நான் கண் கலங்கப் போறேன்னு. மனுஷன் கண்ணாடி இல்லாம பேப்பர்ல பொடி எழுத்து டெண்டர் நோட்டீஸ் படிச்சிட்டிருக்கார்! “சார், இந்த வயசுலயும் கண்ணாடி இல்லாமயா!”ன்னு வாயைத் தொறந்தேன்.

“அந்த உம் என்ன உம்மை, சொல்லு.”

உம்மை எட்டு வகை, ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணினது, எனக்கு முற்றும்மை தாண்டி வரல. “சிறப்பும்மை தம்பி. அதுல உயர்வு சிறப்பு ஒண்ணு, இழிவு சிறப்பு ஒண்ணு. நீ போட்டது இழிவு, வயசானா ஒண்ணும் முடியாதுன்னு மட்டம் தட்டற உம்”ன்னார். 61 வயசுல நம்மளைத் தம்பின்னு கூப்பிட ஆள் இருக்கேங்கற சந்தோஷத்துல, திட்டு உறைக்கவே ரெண்டு நிமிஷம் ஆச்சு. “கண்ணும் என் சாமர்த்தியம் இல்ல. கண்புரை ஆபரேஷன்ல வச்ச லென்ஸ், அதுக்கு வயசு மூணு, பாராட்டறதுன்னா அதைப் பாராட்டு.”

வெறும் நம்பர்தானான்னு நானும் கேட்டுப் பாத்தேன். “முட்டி வலிக்கறது நம்பருக்கா?”ன்னார்.

நம்பர் இருக்கும்மா, ஆனா அது காசு கொடுக்கறவன் கையில இருக்கு. தமிழ்நாட்டு அரசு ஊழியர் 58ல வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு, 2020 மே மாசம் 59 ஆக்கினாங்க, 2021ல 60. ஒரு லேகியமும் சாப்பிடாம எத்தனை பேர் ரெண்டு வருஷம் இளைஞர் ஆனாங்க பாருங்க. ரயில்வே இன்னும் தமாஷ். கீழ் பெர்த் ஒதுக்கீட்டுல பெண்களுக்கு 45லயே மூப்பு வந்துடும், டிக்கெட் சலுகைன்னா 58, ஆம்பளைக்கு 60. அந்தச் சலுகையையும் 2020 மார்ச்ல கொரோனாவைச் சொல்லி நிறுத்தினாங்க, கொரோனா போயே போச்சு, சலுகை மட்டும் திரும்பி வந்து சேரல. இதை இந்தப் பக்கத்துல எத்தனாவது தடவை எழுதறேன்னு எண்ணாதீங்க, இன்னும் எழுதுவேன்.

ஆமா, பாட்டிம்மாகிட்ட அந்த ‘உம்’மை வாய்விட்டுச் சொல்லிடலையே? சொல்லியிருந்தா அடுத்த தடவை காபி கிடைக்காது.

எங்காளு கதைக்கு வர்றேன். கிளம்பறப்ப, வாங்கிட்டுப் போன பிறந்தநாள் கார்டை நீட்டினேன். அட்டையைப் பாத்தார், பிரிக்கறதுக்கு முன்னாடி சட்டைப் பையில பேனா தேட ஆரம்பிச்சுட்டார். அடுத்த வருஷமும் ‘க்’கோடதான் போவேன்.