பதில்: கொடைக்கானல் ஏரியில் எக்கோ சவுண்டர் ஆழத்தைக் குறைத்துக் காட்டுகிறது

வணக்கம். மன்னார் வளைகுடாவில் கடற்புல் வரைபடம் போடப் போகுமுன் நம்மூர் ஏரியில் பழகுகிறீர்கள், கயிறு 4 மீட்டர் சொல்லும் இடத்தில் எக்கோ சவுண்டர் (ஒலி அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும் கருவி) 3.4 காட்டுகிறது, பழுதா என்று கேட்டிருந்தீர்கள். பழுதாக இருக்காது.

ஏரி நீரில் ஒலிவேகம் வேறாக இருப்பதுதான் காரணம் என்று மேலே ஒருவர் சொன்னது பொருந்தாது. கருவி கடல்நீருக்கான நொடிக்கு 1500 மீட்டரை வைத்திருந்தால், 15 டிகிரி நன்னீரில் (சுமார் 1466) ஆழம் கூடுதலாகத்தான் தெரியும். அதுவும் 4 மீட்டருக்கு 9 செ.மீ. தான்!

கயிற்றில் என்ன கட்டினீர்கள்? கல் என்றால் சேற்றில் புதைந்திருக்கும். ஒலியோ சேற்றின் மேலே, சில இடங்களில் நீர்ச்செடி மேலேயே பட்டுத் திரும்பிவிடும். ஒலியை அனுப்பி வாங்கும் சென்சார் நீர்மட்டத்துக்கு எத்தனை செ.மீ. கீழே இருக்கிறது என்று அளந்து, கருவி காட்டும் ஆழத்தோடு கூட்டினீர்களா? படகில் இன்னும் இருவர் ஏறினால் அதுவும் மாறும்.

காற்று கிளம்புமுன் காலையில் போங்கள். கயிற்றில் ஓர் இரும்புத் தட்டைக் கட்டி, நீர்மட்டத்திலிருந்து சரியாக 2 மீட்டரில், சென்சாருக்கு நேர் கீழே தொங்கவிடுங்கள். சென்சார் ஆழத்தைக் கூட்டியபின் 2 வந்தால் கருவி சரி.

மன்னார் வளைகுடாவில், 1986இல் தேசியப் பூங்காவான அந்த 21 தீவுப் பகுதியில், ஓதமும் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) உண்டு; அதனால் ஆழம் நேரத்துக்கு நேரம் மாறும். ஒவ்வோர் அளவுக்கும் நேரம் குறியுங்கள். கருவி ஆழமாக மாற்றுமுன் சேமிக்கும் மூல எதிரொலிப் பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள். இங்கே தொல்லை தரும் அந்தச் செடி எதிரொலிதான் அங்கே கடற்புல்லின் உயரத்தைக் காட்டும்.