மூணு நிமிஷம் ஆச்சுங்க! – வாசகர் கேள்விகள், அக்கா பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: எழுத ஆசை, ஆனால் ஓடவில்லை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். மல்கோவா எந்த மாதம் வாங்கலாம் என்று கேட்டவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கைத்தறிக் குடும்பம் அக்கா. வீட்டு வேலையோடு தார் சுற்றுவதும், அதாவது தறி நாடாவுக்கான நூலைக் குச்சியில் சுற்றுவதும், என் பொறுப்பு. ஜனவரியில் டைரி வாங்கினால் பொங்கலோடு நின்றுவிடுகிறது. எழுதும் பழக்கம் வர என்ன வழி? இன்னொன்று, வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். எனக்கெல்லாம் தமிழில் எழுத வருமா?
– ஒரு வாசகி, அம்மாபேட்டை

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். வரும். கும்பகோணத்து எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராமுக்கும் வீட்டு மொழி சௌராஷ்டிரம்தான். ஜரிகை வியாபாரம் பார்த்தவர். தமிழில் எழுதி 1993-ல் சாகித்திய அகாதமி விருது வாங்கினார். உங்கள் மாமியார் கோபம் வந்தால் எந்த மொழிக்குத் தாவுகிறார், கூலி பேசும்போது எந்த மொழிக்கு வருகிறார் என்பதெல்லாம் உங்கள் காதுக்கு மட்டும்தான் தெரியும். அதை விட்டுவிடாதீர்கள்.

சரி, டைரிக்கு வருவோம். அதில் தேதி அச்சடித்திருக்கிறது, அதுதான் வில்லன். இரண்டு நாள் விட்டுப்போனால் அந்த வெற்றுப் பக்கங்களைப் பார்த்தே குற்ற உணர்ச்சி வந்துவிடும். தேதி இல்லாத பள்ளிக்கூட நோட்டு வாங்குங்கள். நான் சேலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர்க் கால்களை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் ஆபரேட்டராக இருந்தபோது, ராத்திரி டியூட்டியில் கால் குறைகிற நேரத்தில், வீணாய்ப்போன டிக்கெட்டுகளின் பின்பக்கத்தில்தான் எழுதினேன். ஒவ்வொரு டிரங்க் காலுக்கும் நம்பர், நேரம் எல்லாம் குறித்துவைக்கிற சீட்டுக்கு டிக்கெட் என்று பெயர். சின்னச் சீட்டு. நிறைய எழுத இடம் கிடையாது, அதனால் பயமும் கிடையாது.

தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுதுவேன் என்று சபதமெல்லாம் வேண்டாம். நெசவு வீட்டில் ஐந்து மணி உங்களுடையது அல்ல. தவறாமல் நடக்கிற ஏதாவது ஒரு வேலையோடு எழுத்தைச் சேர்த்துவிடுங்கள். தார் சுற்றும்போது கைக்குத்தான் வேலை, மனசு சும்மாதானே இருக்கிறது? வாக்கியங்களை அப்போதே யோசித்துவையுங்கள். ராட்டையை ஓரம் வைத்ததும் வேறு எதையும் தொடாமல் நோட்டில் இறக்குங்கள். நாலு வரி போதும். ஐந்தாவது வரி தெரிந்திருந்தாலும் எழுதாதீர்கள். மறுநாள் உங்களை உட்கார வைக்க அது வேண்டும்.

"இன்று மனசு சரியில்லை" என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். பத்து நாள் கழித்துப் படித்தால் ஏன் சரியில்லை என்று உங்களுக்கே தெரியாது. தறியின் நீளவாட்டு நூலான பாவைப் பிணைக்க வந்தவர் எங்கே உட்கார்ந்தார், இழை அறுந்தால் உங்கள் வீட்டுக்காரர் யாரைத் திட்டுகிறார், அதை எழுதுங்கள். சேலம் வெண்பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு கல்யாணத்தில் நிற்பவருக்கு, அது தறியில் இருந்த நாட்களில் அந்த வீடு எப்படி இருந்தது என்று தெரியாது.

ஏற்காட்டில் காபி எஸ்டேட் சூப்பர்வைசராக இருக்கிறேன். இயற்கையை வர்ணித்து நிறைய எழுதுகிறேன். நண்பர்கள் அழகாக இருக்கிறது என்கிறார்கள், ஆனால் யாரும் முழுதாகப் படிப்பதில்லை. மூன்று பக்கம் இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகர், ஏற்காடு

நான் முழுதாகப் படித்தேன் கண்ணு. முதல் பக்கம் பனிமூட்டம், இரண்டாம் பக்கம் ஏரி, மூன்றாம் பக்கம் திரும்பவும் பனிமூட்டம். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவும், 1820-களில் காபியைக் கொண்டுவந்த கலெக்டர் காக்பர்னும். இதையெல்லாம் சனிக்கிழமை ஏறி ஞாயிற்றுக்கிழமை இறங்குகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். நீங்கள் மலையிலேயே இருக்கிறீர்கள்.

பழம் பறிக்கும் மாதங்களை எழுதுங்கள். ஒரே கொத்தில் சிவப்பும் பச்சையும் கலந்திருக்க, பழுத்ததை மட்டும் கை எப்படிப் பிரிக்கிறது? பறித்த அன்றே தோலுரிக்கும் பல்ப்பர் மெஷினில் விட்டாக வேண்டும் என்பதால் சாயங்காலம் எடை போடும் இடத்தில் என்ன அவசரம், என்ன வாக்குவாதம்? தொட்டியில் ஊறின கொட்டையின் வழவழப்பு போய்விட்டதா என்று கைப்பிடி எடுத்துத் தேய்த்துப் பார்ப்பீர்களே, அந்த நறநறப்பை எனக்குச் சொல்லுங்கள். களத்தில் காய்கிறபோது மேகம் திரண்டால் முதலில் ஓடுவது யார்? கோடை மழை விழுந்து பத்து நாளுக்குள் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து மல்லிகை மாதிரி மணக்கும்போது நீங்கள் பார்ப்பது அழகையா, இந்த வருஷ மகசூலையா? இரண்டும் ஒரே தலைக்குள் ஓடுமே, அதை எழுதுங்கள்.

கதை எழுதும் ஆசை உள்ள எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: முதலில் ஒரு வேலையை எழுதிப் பழகுங்கள். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, படிக்கிற ஆள் அதைச் செய்துபார்க்கிற அளவுக்கு. "ரம்மியமான", "எழில் கொஞ்சும்" எதுவும் கூடாது. வேலை என்று வந்துவிட்டால் அதைச் செய்கிற ஆள் வந்துவிடுவார். ஆள் வந்தால் அவருக்கும் பக்கத்து ஆளுக்கும் ஏதாவது ஒரு வழக்கு இருக்கும். கதையைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பனிமூட்டத்தை அடியோடு விலக்கச் சொல்லவில்லை. மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தும்போது மூட்டத்தில் மேல் படி தெரியவில்லையா? அங்கே வையுங்கள்.

பேனாவா, செல்போனா?
– ஒரு வாசகர், சூரமங்கலம்

எது முதலில் கைக்குக் கிடைக்கிறதோ அது. செல்போன் என்றால் வாட்ஸப்பைத் திறக்காமல் எழுதுகிற மனவலிமை வேண்டும். எனக்கு அது இல்லை, அதனால் பேனா.

என் கதையில் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். மேடையில் பேசுவதுபோல் இருக்கிறது என்று எங்கள் தமிழ் ஆசிரியர் சொல்கிறார்.
– கல்லூரி மாணவி, ஆத்தூர்

அதற்கு நம் சேலமும் கொஞ்சம் காரணம். 1935-ல் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமாக் கம்பெனியைத் தொடங்கிய ஊர் இது. கருணாநிதியும் கண்ணதாசனும் அங்கே வேலை பார்த்தவர்கள். அந்தப் படங்களின் வசனம் கொட்டகையின் கடைசி வரிசைவரை போய்ச் சேர எழுதியது. உங்கள் கதையில் இரண்டு பேர் தட்டுவடை செட் கடை முன்னால் நின்று பேசுகிறார்கள். அவர்களுக்கு அவ்வளவு குரல் எதற்கு?

வெளியூருக்கு நாமே நேராக நம்பர் போட்டுப் பேசும் எஸ்.டி.டி. பரவாத காலத்தில் டிரங்க் காலுக்கு மூன்று நிமிஷக் கணக்கு. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று ரகம் வேறு. அவசரம் கூடக் கூடக் காசும் கூடும். நேரம் முடிகிறபோது லைனில் புகுந்து "மூணு நிமிஷம் ஆச்சுங்க" என்று சொல்வது எங்கள் வேலை. ஒட்டுக் கேட்கக் கூடாது என்பது விதி. ஆனால் புகுகிற நொடியில் காதில் விழுவதை என்ன செய்ய? யார் என்ன பேசினார் என்று நான் எங்கும் சொன்னதில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. எப்படிப் பேசுகிறார்கள் என்பதை மட்டும் கற்றுக்கொண்டேன்.

மண்டி வியாபாரி எடுத்த எடுப்பில் விலையைக் கேட்பார். பெண்ணைத் தூரத்தில் கட்டிக்கொடுத்த அம்மாக்கள் அப்படியில்லை. மழை பெய்ததா, சாப்பிட்டாயா, மாடு கன்று போட்டுவிட்டது என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். நான் குறுக்கே வந்து நேரம் சொன்ன பிறகுதான் அவசரமாக, "அவரு இப்பெல்லாம் கை நீட்டறதில்லையே?" என்பார்கள். பேச வந்ததே அதற்குத்தான்.

எழுதும்போது உங்கள் பாத்திரம் எதைக் கேட்கத் தயங்குகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற பேச்செல்லாம் அதைத் தள்ளிப்போடத்தான். அப்போது ஒருவர் பேசுவதுபோல் இன்னொருவர் பேச மாட்டார். ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் அரைமணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். செல்போனில் பதிவு செய்யாதீர்கள். வீட்டுக்கு வந்து ஞாபகத்தில் நின்றதை மட்டும் எழுதுங்கள்.

எழுத உட்கார்ந்தால் ஒன்றுமே வருவதில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகர், செவ்வாய்பேட்டை

ஒன்றுமே வருவதில்லை என்பதைச் சொல்ல நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இங்கே ஒரு வரிதான் போட முடிந்தது. மூன்றாம் பக்கத்தில் உங்கள் அப்பாவின் கொலுசுப் பட்டறை வருகிறது. ராத்திரி தரையைக் கூட்டி, வெள்ளித் துகள் கலந்த அந்தக் குப்பையை மூட்டையில் சேர்ப்பார்கள், வேலையாட்கள் துணியை உதறிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சில வரிகள். அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு மீதியை எடைக்குப் போடுங்கள். கூட்டுவது யார், மூட்டை யாரிடம் போகிறது, அந்தக் காசு யாருக்கு, துணியை உதறச் சொன்னபோது யாராவது முறைத்தார்களா? இதற்கெல்லாம் ஒரே பக்கத்தில் பதில் எழுதுங்கள். உரக்கப் படித்துப் பார்த்து, மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். மாதக் கடைசிக்குள் எனக்கு வந்து சேர வேண்டும். கூடவே கேள்வி எதுவும் வேண்டாம்.