"நல்ல நிலை" என்றால் என்ன நிலை?

கேள்வி: சைக்கிள் ஓட்டுவதை விட்டுவிட்டேன். ஒரு கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு), சீட் போஸ்ட் (இருக்கையைத் தாங்கும் குழாய்), இரண்டு சக்கரங்கள், ஹெல்மெட் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக இணைய ஏலத்தில் போட்டேன். "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதி ஒரு படமும் வைத்தேன். ஒருவர்கூட விலை கேட்கவில்லை. என்ன தவறு செய்தேன்?

பதில்: முதலில் ஹெல்மெட்டை எடுத்துவிடுங்கள். ஒருமுறை அடி வாங்கிய ஹெல்மெட்டின் உள் நுரை நசுங்கியிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. உங்களுடையது கீழே விழவே இல்லை என்றாலும் வாங்குபவர் அதை எப்படி நம்புவார்? விற்க வேண்டாம்.

மற்றவற்றைத் தனித்தனியாகப் போடுங்கள். சீட் போஸ்ட் தேடி வருபவருக்கு உங்கள் சக்கரம் எதற்கு? அவருக்கு வேண்டியது அளவு. சைக்கிள் சட்டத்தின் 27.2 மி.மீ. குழாய்க்குள் 27.0 போஸ்ட்டைப் போட்டால் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அந்த எண் பெரும்பாலும் போஸ்ட்டின் அடிப்பகுதியில் பொறித்திருக்கும். துடைத்துவிட்டு, எண் தெளிவாகத் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். கிராங்கின் உட்புறத்திலும் 170, 172.5 என்று மி.மீ. கணக்கில் நீளம் இருக்கும். பல்சக்கரத்தின் பற்கள் கூராகத் தேய்ந்திருந்தால் அதையும் கிட்டத்தில் காட்டுங்கள். கீறலை மறைத்து விற்ற பொருள் திரும்பி வரும், கூடவே மோசமான மதிப்புரையும் வரும்.

இன்னொன்று, இது முக்கியம். 2019 ஜூலைக்கு முன் தயாரான ஷிமானோ நிறுவனத்தின் 11 ஸ்பீடு (பின்னால் 11 கியர்) அல்டெக்ரா, டியூரா-ஏஸ் வகைக் கிராங்குகள் சிலவற்றில் ஒட்டிய பாகங்கள் பிரிந்து உடையக்கூடும் என்று அந்த நிறுவனமே 2023-ல் அவற்றைச் சோதனைக்கு அழைத்தது. உங்களுடையது அந்த வகையா என்று கிராங்கின் பின்னால் உள்ள குறியீட்டை வைத்துப் பாருங்கள். ஆமென்றால், சோதிக்காமல் விற்காதீர்கள். அதன்மேல் ஒருவர் முழு எடையையும் போட்டு மிதிக்கப் போகிறார்.

சரி, தொடக்க விலை. மற்றவர்கள் கேட்கும் விலையை விடுங்கள், விற்று முடிந்த ஏலங்களைப் பாருங்கள். பலரும் தேடும் பொருளைக் குறைவாகத் தொடங்கினால் போட்டி ஏற்றிவிடும். ஓரிருவர் மட்டுமே தேடும் பழைய பாகம் என்றால், எந்த விலைக்குக் கீழே கொடுக்க மனம் வராதோ அதிலேயே தொடங்குங்கள்.

சக்கரங்களுக்கு அனுப்பும் செலவுதான் ஆளை விழுங்கும். கூரியரில் பெட்டியின் பருமனுக்கும் கட்டணம் உண்டு. அதனால் பெட்டி கட்டி, அளந்து, எடை போட்ட பிறகே ஏலத்தில் போடுங்கள். அச்சின் இரு முனைகளிலும் கெட்டி அட்டையை வைத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் வழியிலேயே பெட்டியைக் குத்திக் கிழித்துவிடும்.