அமைதிப்படை: திருகோணமலை வாசகர் கேள்விகளும் பதில்களும்

நிலாவெளி: 1987இல் வந்த இந்தியப் படையும் ஐ.நா. படைதானே ஐயா?

இல்லை. இரண்டு அரசுகளின் ஒப்பந்தத்தின் பேரில் ஒரே நாடு அனுப்பிய படை அது. பாதுகாப்புச் சபைத் தீர்மானம் எதுவும் அதன் பின்னால் இல்லை. 1990 மார்ச்சில் நம்முடைய துறைமுகத்தில்தான் கடைசியாகக் கப்பல் ஏறினார்கள்.

கிண்ணியா: சண்டை முடிந்தபின் ஆயுதங்களை எப்படித் திருப்பி வாங்குவார்கள் நானா?

நல்ல கேள்வி, எல்லாம் சறுக்குவது இங்கேதான். முதலில் தளபதிகளிடம் ஆள் பட்டியல், ஆயுதப் பட்டியல். பிறகு முகாம்: நுழைவிலேயே ஆயுதத்தைச் சோதித்து, தொடர் இலக்கத்தைப் பதிந்து, ரவைகளைத் தனியே பிரிப்பார்கள். ஆளுக்குப் படம் பிடித்து அட்டை கொடுப்பார்கள். வாங்கிய துவக்கைப் பூட்டி வைத்தால் போதாது, அறுத்துப் பயனற்றதாக்க வேண்டும்.

லைபீரியாவில் 2003 டிசம்பரில் ஐ.நா. இதை அவசரப்பட்டுத் தொடங்கியது. அனுமதிக்கப்பட்ட 15,000 அமைதிப்படையினரில் பெரும்பகுதி வந்து சேரவில்லை. ஆயிரம் பேருக்குப் போட்ட முகாமுக்குப் பல ஆயிரம் போராளிகள் வந்தார்கள். உதவித்தொகைக் காசு உடனே வேண்டுமென்று கலவரம், சூடு. சில நாட்களில் நிறுத்திவிட்டு அடுத்த ஏப்ரலில்தான் திரும்பத் தொடங்கினார்கள்.

இரண்டாவது ஓட்டை, தகுதி விதி. ஒரு துவக்கு, அல்லது 150 ரவை கொடுத்தால் போராளி என்று ஏற்றார்கள். தளபதிகள் ரவைகளைச் சொந்தக்காரருக்குப் பங்கிட்டு, உதவித்தொகையில் பங்கு கேட்டார்கள். முடிவில் பதிந்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல், வந்த ஆயுதம் சுமார் 28,000. விதியை ஒரேயடியாக இறுக்கவும் முடியாது: ஆயுதம் ஏந்தாமல் சமைத்தும் சுமந்தும் திரிந்த பெண்களும் சிறுவர்களும் வெளியே நின்றுவிடுவார்கள்.

கந்தளாய்: சம்பளம் எவ்வளவு?

2018இல் ஐ.நா. நிர்ணயித்தது சிப்பாய் ஒருவருக்கு மாதம் 1,428 டொலர். அது அரசுக்குப் போகும். சிப்பாயின் கைக்கு எவ்வளவு என்பதை அவருடைய அரசு தீர்மானிக்கும்.

பாலையூற்று: இந்தியப் படை ஐ.நா.வின் நீலத் தொப்பி போடாதது ஏன்?

நிலாவெளிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

தம்பலகாமம்: நான் எப்படிச் சேரலாம்?

சிப்பாயாகத் தனியே விண்ணப்பிக்க முடியாது. உங்கள் நாட்டு இராணுவம் அனுப்ப வேண்டும்.

உவர்மலை: 2002இல் வந்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு ஏன் எதையும் தடுக்கவில்லை?

தடுக்கும் அதிகாரம் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. ஐந்து நோர்டிக் நாட்டவர், ஆயுதமற்றவர்கள். மாவட்டக் குழுவில் அரசு சார்பில் இருவர், புலிகள் சார்பில் இருவர், கண்காணிப்பாளர் ஒருவர். முறைப்பாட்டை விசாரித்து மீறலா இல்லையா என்று சொல்வதோடு வேலை முடிந்தது. யாரையும் திட்டுமுன் ஆணையை வாசியுங்கள்.

மூதூர்: கையில் துவக்கு இருந்திருந்தால் 2006இல் புலிகள் மூடிய மாவிலாற்று மதகைத் திறந்திருப்பார்கள்.

உவர்மலை: திறந்திருந்தால் மூன்றாவது தரப்பாகியிருப்பார்கள்!

மூதூர்: பார்த்துக்கொண்டு நிற்க எதற்கு ஐந்து நாடு?

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிக்காவில் ஐ.நா. படையிடம் துவக்கும் இருந்தது, தீர்மானமும் இருந்தது. பாதுகாப்பு வலயங்களைக் காக்க 34,000 பேர் வேண்டுமென்று தளபதி கேட்டார், சபை 7,600க்குத்தான் ஒப்புக்கொண்டது. 1995 ஜூலையில் அங்கே ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டது தெரியும்.

மூதூர்: அப்படியென்றால் ஆள்தான் குறை, நான் சொன்னது சரி.

பாதி சரி. சியரா லியோனில் ஐ.நா. சாசனத்தின் ஏழாம் அத்தியாயம் தரும், படைபலம் பாவிக்கும் அதிகாரத்தோடு போன ஐ.நா. படையிலேயே 2000 மேயில் சுமார் 500 பேர் கிளர்ச்சியாளரிடம் பிடிபட்டார்கள். பிரித்தானியப் படை தனியாக இறங்கியது, ஐ.நா. படையும் 17,500 வரை பெருத்தது. அதன்பிறகே ஆயுதக் களைவு நகர்ந்தது.

உவர்மலை: அங்கே அரசு சம்மதித்தது. இங்கே?

இங்கே சம்மதம் இருந்தது ஆயுதமற்ற கண்காணிப்புக்கு மட்டும். துவக்கோடு வருவதென்றால் இரு தரப்பும் வேறு உடன்படிக்கை எழுதியிருக்க வேண்டும். அந்தப் பேச்சு மேசைக்கே வரவில்லை, மூதூராரே.

சாம்பல்தீவு: இந்தியப் படையை ஐ.நா.தானே...

நிலாவெளி, பாலையூற்று. மேலே பாருங்கள்.