மோடத்தில் வெளியே டயல் செய்ய: கேள்வி பதில்

கே: சார், ஆபீஸ் லைனில் மோடத்தை மாட்டினால் 'நோ டயல்டோன்' என்றே வருகிறது. போன் மட்டும் நன்றாக வேலை செய்கிறது.

ப: உங்கள் ஆபீஸில் இபிஏபிஎக்ஸ் (ஆபீஸுக்குள்ளேயே இருக்கும் சிறு எக்ஸ்சேஞ்சு) இருக்கும். அதன் டோன் எக்ஸ்சேஞ்சு டோன் மாதிரி இருக்காது. பல மோடங்களுக்கு அது டோனாகவே தெரியாது. டயல் செய்யும் முன் மோடத்துக்கு ஏடிஎக்ஸ்3 (ATX3) என்ற கட்டளையைக் கொடுங்கள். டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யும், எதிர்முனை பிஸி என்றால் சொல்லும். ஏடிஎக்ஸ்1 போட்டால் பிஸியும் தெரியாது, அதனால் நான் 3ஐத்தான் போடுவேன். வெளி லைனுக்கு 0 அழுத்துவீர்கள் என்றால் 0, அப்புறம் ஒரு கமா, பிறகு எண். ஒரு கமாவுக்கு 2 விநாடி நிற்கும். லைன் கிடைக்கத் தாமதமானால் இரண்டு கமா. ரிசப்ஷனில் உள்ள டிஜிட்டல் போனின் ஒயரை மட்டும் மோடத்தில் செருகிவிடாதீர்கள், மோடம் பழுதாகலாம்.

கே: அண்ணா, உபுண்டுவில் மோடத்துக்குக் கட்டளை அடிக்கும் மினிகாம் நிரலைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள யூசராக) ஓட்டலாமா?

ப: வேண்டாம் தம்பி. உங்கள் யூசரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, லாகவுட் செய்து திரும்ப வாருங்கள். மினிகாமில் ஏடி (AT) என்று அடித்து எண்டர் தட்டுங்கள். ஓகே வந்தால் கணினிக்கும் மோடத்துக்கும் தொடர்பு சரி. அது வராதவரை எந்த எண்ணை டயல் செய்தும் பயனில்லை.

கே: வெளியே அழைக்க மட்டும்தான் மோடம். ஆனால் வரும் அழைப்பையும் எடுத்துவிடுகிறது.

ப: தானாக எடுப்பதை நிறுத்த ஏடிஎஸ்0=0 (ATS0=0) கொடுங்கள், பிறகு அதைச் சேமிக்க ஏடி&டபிள்யூ (AT&W). இரண்டாவதை விட்டால் கரண்ட் போய் வந்ததும் பழையபடி எடுக்கும்.

கே: குடிநீர்த் தொட்டி கண்ட்ரோலருக்கு டயல் செய்கிறோம். காப்பர் போய் ஃபைபர் வந்ததிலிருந்து நடுவில் அறுந்துவிடுகிறது.

ப: ஃபைபர் பெட்டி மோடத்தின் ஓசையைப் பாக்கெட்டுகளாக்கி அனுப்புகிறது. பேச்சில் ஒரு பாக்கெட் தொலைந்தால் காது சமாளித்துக்கொள்ளும், மோடம் தடுமாறிவிடும். பெட்டியில் கோடெக் (ஓசையை டிஜிட்டலாக்கும் முறை) ஜி.711 ஆக இருக்கட்டும்; மௌனத்தைக் கத்தரிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். மோடத்தின் வேகத்தை விநாடிக்கு 9600 பிட்டுக்கு இறக்குங்கள். தொட்டி மட்டம் படிக்க அது தாராளம். அப்படியும் அறுந்தால் சிம் போடும் மோடத்துக்கு மாறுங்கள், குடிநீர் விஷயம். கண்ட்ரோலரின் மாடலை எழுதுங்கள், அதற்கான அமைப்பைச் சொல்கிறேன்.