மருந்தாளரிடம் கேளுங்கள்: திருகோணமலையிலிருந்து சில பதில்கள்

செப்டெம்பர் 25 உலக மருந்தாளர் தினம். அதையொட்டி, மருந்துகள் பற்றியும் மருந்தாளரின் பணி பற்றியும் கேள்விகள் அனுப்புமாறு கேட்டிருந்தேன். முதலில் அரச வைத்தியசாலையிலும் பின்னர் திருகோணமலை நகரத்துப் பாமசி ஒன்றிலும் நீண்ட காலம் பணியாற்றியவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். இவற்றை வாசித்துவிட்டு எவரும் தமது மருந்தைத் தாமாக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

ரொறன்ரோவிலிருந்து: அக்கா, எங்கள் குடும்பம் உவர்மலையைச் சேர்ந்தது. இங்குள்ள ஊர்ச் சங்கத்தினர் வீடு வீடாகச் சென்று, மிஞ்சிக் கிடக்கும் மருந்துகளைச் சேர்த்து ஊர் வைத்தியசாலைக்கு அனுப்ப விரும்புகிறார்கள். எப்படி அனுப்புவது?

உங்கள் அக்கறைக்கு நன்றி, தம்பி. ஆனால் வீடுகளில் மிஞ்சிய மருந்துகளை அனுப்பவேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். காரணத்தை விரிவாகவே சொல்லவேண்டும். 2004 டிசெம்பர் 26 இல் கிண்ணியா வைத்தியசாலையையே கடல் அழித்துவிட்டுப் போன பிறகு, பல நாடுகளிலிருந்தும் இந்த மாவட்டத்துக்கு மருந்துப் பெட்டிகள் வந்து குவிந்தன. அவற்றைப் பிரித்து அடுக்கியவர்களில் நானும் ஒருத்தி. ஒரு பெட்டியில் இருந்த குளிசை அட்டைகளில் பாதி ஏற்கெனவே பிரித்து விழுங்கப்பட்டிருந்தது. இன்னொன்றில், எங்களில் எவருக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில் பெயர் எழுதிய பாணி மருந்துப் போத்தல்கள் இருந்தன. அவற்றுக்கு அடியில், சில கிழமைகளில் காலாவதியாக இருந்த களிம்புகள். முகாம்களில் மக்கள் காயத்துக்கு மருந்து கட்ட ஆளில்லாமல் காத்திருந்த நாள்களில், மருந்து தெரிந்த நாங்கள் களஞ்சியத்துக்குள் இருந்து இவற்றைத் தரம்பிரித்துக்கொண்டிருந்தோம்.

அதே ஆழிப்பேரலைக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில், இருபது இலட்சத்துக்கும் குறைவான மக்களுக்கென ஏறத்தாழ 4,000 தொன் மருந்து வந்திறங்கியதும், அதில் பெரும்பகுதியின் சுட்டிகள் அங்குள்ளோர் அறியாத மொழிகளில் இருந்ததும் பின்னர் ஆய்வில் பதிவாகின. வேண்டாத மருந்தைக் குப்பையில் கொட்டவும் முடியாது. அதை உரிய முறையில் எரித்து அழிக்கவேண்டும், அந்தச் செலவும் உதவி பெற்றவர் தலையிலேயே விழும்.

மருந்து நன்கொடைக்கு உலக சுகாதார ஸ்தாபனம் 1996 இல் முதன்முதலில் வெளியிட்டுப் பின்னர் திருத்திய வழிகாட்டி ஒன்று இருக்கிறது. பெறுபவர் கேட்டதையே அனுப்பவேண்டும். வந்து சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடமாவது இருக்கவேண்டும். நோயாளிக்கு ஒருமுறை வழங்கித் திரும்பி வந்த மருந்தை அனுப்பக்கூடாது. கொடுக்கும் நாட்டில் பயன்படுத்தத் தகாத மருந்து பெறும் நாட்டுக்கும் தகாது. இவற்றுள் முதலாவதுதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே உங்கள் சங்கம் முதலில் வைத்தியசாலைக்கு, அல்லது திருகோணமலைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைக்கு, என்ன குறைவாக இருக்கிறது என்று கேட்டு எழுதட்டும். மருந்தே தேவையென்றால் சுகாதார அமைச்சின் அனுமதியோடுதான் அது வரவேண்டும். பல வேளைகளில் அவர்கள் கேட்பது மருந்தாகவே இராது. மருந்து வைக்கும் குளிர்சாதனப்பெட்டி, வெப்பநிலைமானி, இரத்தச் சீனி பார்க்கும் பட்டிகள் போன்றவையாக இருக்கும். சேகரித்த பணத்தை அவற்றுக்குக் கொடுங்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருந்தாளர் பட்டப்படிப்பு மாணவி: மிஸ், உலக சுகாதாரக் கூட்டாண்மை என்றால் மருத்துவர்களும் அமைச்சர்களும் கைச்சாத்திடுவதாகவே செய்திகளில் பார்க்கிறோம். அதில் மருந்தாளருக்கு உண்மையில் என்ன இடம்?

பெரிய இடம் உண்டு, மகள். நம் நாட்டிலிருந்தே தொடங்குகிறேன். பேராசிரியர் சேனக பிபிலே ஒரு மருந்தியலாளர். தேவையான மருந்துகளை மட்டும் தெரிந்தெடுத்து, வணிகப் பெயரைவிட மருந்தின் பொதுப்பெயருக்கு முதலிடம் கொடுத்து, நாட்டுக்காக மொத்தமாக வாங்கவேண்டும் என்ற கொள்கையை 1971 இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் தலைவராக இருந்து நடைமுறைப்படுத்தியவர் அவர். அவர் காலமான அதே 1977 இல்தான் உலக சுகாதார ஸ்தாபனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற்பட்டியலை வெளியிட்டது. சிறிய நாடு உலகுக்குக் கற்பிக்கமுடியும் என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றும் சொல்கிறேன். நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளை அளவறிந்து பயன்படுத்துவதற்கான பொதுநலவாயக் கூட்டாண்மைத் திட்டம் 2019 இல் தொடங்கி, பிரித்தானிய மருந்தாளர்களைக் கானா, தன்சானியா, உகண்டா, சாம்பியா ஆகிய நாடுகளின் வைத்தியசாலைகளோடு இணைத்தது. பொதுநலவாய மருந்தாளர் சங்கமும் அதை நடத்தியவற்றுள் ஒன்று. இத்தகைய பணியின் அடிப்படைக் கருவி மிக எளிமையானது. ஒரே நாளில் விடுதி முழுவதும் நடந்து ஒவ்வொரு கட்டிலின் சிகிச்சைத் தாளையும் பார்ப்பார்கள். நுண்ணுயிர் எதிர்ப்பி பெறுபவர் எத்தனை பேர், அதைக் கொடுப்பதற்கான காரணம் எழுதப்பட்டிருக்கிறதா, எப்போது நிறுத்துவது என்று குறித்திருக்கிறதா என்று எண்ணி எடுப்பார்கள். எண்ணிய பிறகுதான் எங்கே திருத்துவது என்பது தெரியவரும். இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டாம். தாளும் பேனையும், மருந்து தெரிந்த ஒருவரும், அவர் சொல்வதைக் கேட்கும் மருத்துவரும் போதும். உங்கள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால் கிழக்கின் ஆதார வைத்தியசாலை ஒன்றில் இதைச் செய்யுங்கள். பெட்டிகளை அனுப்பும் கூட்டாண்மையைவிட ஆள்களைப் பழக்கும் கூட்டாண்மையே நீடித்து நிற்கும் என்று நான் நம்புகிறேன்.

சீனக்குடாவிலிருந்து: முன்பெல்லாம் தொண்டை நோவுக்கு மருந்துத் துண்டு இல்லாமலே அமொக்சிசிலின் தந்தார்கள். இப்போது நீங்கள் மறுப்பது ஏன்?

அப்படித் தந்தது அப்போதும் பிழைதான், ஐயா. தொண்டை நோவில் பெரும்பாலானவை வைரசால் வருபவை. பக்டீரியாவை அழிக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பியான அமொக்சிசிலின் அவற்றை ஒன்றும் செய்யாது. உங்கள் உடலில் ஏற்கெனவே உள்ள பக்டீரியாக்கள் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்வதுதான் மிச்சம். மருந்துக்கு அடங்காத பக்டீரியாத் தொற்றுகளால் நேரடியாக இறந்தோர் 2019 இல் மட்டும் உலகெங்கும் 12 இலட்சத்துக்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வாங்காமல் திரும்பிப் போகிறீர்களே என்று எனக்கும் மனவருத்தம்தான். ஆனாலும் தரமாட்டேன். விழுங்க முடியாத நோவு, மூச்சு முட்டுதல், மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கிண்ணியாவிலிருந்து: அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்கு நீரிழிவு, மெற்போமினும் கிளிக்ளசைட்டும் எடுக்கிறார். றமழானில் பகல் குளிசையைத் தாமாகவே விட்டுவிடுகிறார். சொன்னால் கேட்பதில்லை.

வஅலைக்கும் ஸலாம், தம்பி. உம்மாவைக் கண்டிக்கவேண்டாம், அவரது நோன்பு அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை ஏற்றுக்கொண்டு பேசினால்தான் அவர் நம் பேச்சைக் கேட்பார். நோன்பு தொடங்குவதற்கு ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு முன்பே அவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று, நோன்பு பிடிக்க எண்ணியிருப்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். மெற்போமினை நோன்பு திறக்கும் வேளைக்கும் விடியுமுன் உண்ணும் ஸஹருக்கும் பிரித்து அமைப்பது பெரும்பாலும் கடினமன்று. கவனிக்கவேண்டியது கிளிக்ளசைட்டைத்தான். வெறும் வயிற்றில் அது சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும். ஆகையால் அதன் அளவையும் நேரத்தையும் மருத்துவர்தான் மாற்றியமைக்கவேண்டும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர், இன்சுலின் போடுபவர், அண்மையில் சீனி இறங்கி மயங்கியவர் ஆகியோர் நோன்பு பிடிக்கலாமா என்பதையே மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்யவேண்டும்.

விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சோதிப்பது நோன்பை முறிக்காது என்பது மார்க்க அறிஞர்களிடையே பரவலாக உள்ள கருத்து. இதை உங்கள் பள்ளிவாசல் மௌலவியிடமே கேட்டு உம்மாவுக்குச் சொல்லச் செய்யுங்கள். நான் சொல்வதைவிட அவர் சொல்வது எடுபடும். சீனி 70 மி.கி. இற்குக் கீழே இறங்கினாலோ 300 இற்கு மேலே ஏறினாலோ அன்றைய நோன்பை விடவேண்டும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால் சோதிக்கும் வசதி இல்லாவிட்டாலும் காத்திருக்காமல் சீனித் தண்ணீர் கொடுங்கள்.

மூதூரிலிருந்து: கிளினிக்கில் மாதத்துக்கு மாதம் குளிசையின் நிறமும் அளவும் மாறுகின்றன. தரமில்லாத மருந்தா?

நிறம் மாறுவதால் தரம் குறைந்ததாகிவிடாது. அரசு கேள்விப்பத்திரம் கோரி வாங்கும்போது வெவ்வேறு நிறுவனங்களின் மருந்து வரும். உள்ளே இருக்கும் பொருள் ஒன்றே. ஆனால் நிறத்தை அடையாளமாக வைத்துக்கொள்வது ஆபத்து. ஒரு முதிய தாயார் ஒரு பொலித்தீன் பையோடு என்னிடம் வந்தார். கிளினிக்கில் கொடுத்த வெள்ளைக் குளிசை ஒரு கடதாசி உறையில் இருந்தது. தனியார் மருத்துவர் எழுதி வாங்கிய அட்டை இன்னொன்றில். இரண்டும் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின். இரண்டையும் விழுங்கியதால் காலிரண்டும் வீங்கி, எழுந்தால் தலை சுற்றியது. வீக்கத்துக்கென மூன்றாவதாக ஒரு மருந்தும் அவருக்கு எழுதப்பட்டிருந்தது. உறையில் பெயர் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அவரால் வாசிக்க முடியவில்லை. எழுதிய இரு மருத்துவருக்கும் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. முழுப் பையையும் மேசையில் கொட்டிப் பார்க்கும் ஒருவர் இடையில் இருந்திருந்தால் இது நேர்ந்திராது. உலகெங்கும் மருந்தாளரைச் சமூகப் பராமரிப்பில் சேர்க்கவேண்டும் என்று பேசுவதன் பொருள், என் வரையில், இதுதான்.

எனவே வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டு, மருந்தாளர் நிற்கும் நேரத்தில் பாமசிக்குக் கொண்டுவாருங்கள். பொதுப்பெயரையும் வேளையையும் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நிலாவெளியிலிருந்து: டெங்குக் காலத்தில் காய்ச்சலுக்கு எதை வாங்கலாம்?

பரசிற்றமோல் மட்டும். வளர்ந்தவருக்கு 500 மி.கி. குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. நாளொன்றுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். உடல் மெலிந்தவருக்கும் ஈரல் நோய் உள்ளவருக்கும் இன்னும் குறைவு, பிள்ளைகளுக்கு நிறைக்கேற்ப. இபுபுறூபன், டைக்குளோபினாக், மெபனமிக் அசிட், அஸ்பிரின் ஆகியவை இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். காய்ச்சல் சட்டென்று இறங்கவேண்டுமென்று ஆசனவாயில் வைக்கும் டைக்குளோபினாக் கேட்டு வருபவர்களை இன்றும் காண்கிறேன். 2017 இல் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குக் கண்டபோது, கிண்ணியா பட்ட பாட்டை நாமெல்லோரும் அறிவோம். மூன்றாம் நாளிலும் காய்ச்சல் நீடித்தால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

குச்சவெளியிலிருந்து: மின்சாரம் நின்றால் இன்சுலினை எங்கே வைப்பது?

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்கவேண்டும்; பயன்பாட்டில் உள்ள போத்தல் பெரும்பாலான வகைகளில் 30 பாகைக்குக் கீழே நான்கு கிழமை தாங்கும். 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது பலருக்கு மண்பானையையே சொல்லிக்கொடுத்தேன். பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் மணலிட்டு நனைத்து, ஈரத்துணியால் மூடி நிழலில் வைக்கவேண்டும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது நன்றாகக் குளிரும்; மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் பயன் குறைவு. பனிக்கட்டியோடு நேரே சேர்த்து வைக்கவேண்டாம். உறைந்த இன்சுலினை வீசத்தான் வேண்டும்.

கோணேசபுரியிலிருந்து: சித்த மருந்தையும் ஆங்கில மருந்தையும் சேர்த்து எடுக்கலாமா?

எந்த மருந்து, எதற்காக என்று தெரியாமல் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லமுடியாது. சித்த மருத்துவம் கற்பிக்கும் திருகோணமலை வளாகம் உங்கள் ஊரிலேயே இருப்பதால், அங்கு கற்றுப் பதிவு பெற்ற வைத்தியரிடம் கேட்பது உங்களுக்கு எளிது. வோபரின் போன்று இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து எடுப்பவர் இஞ்சி, மஞ்சள், உள்ளி ஆகியவற்றை மருந்தளவில் சேர்த்தால் இரத்தக்கசிவு கூடலாம். நீரிழிவுக் குளிசையோடு பாகற்சாறு குடிப்பவருக்குச் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். சித்த வைத்தியரிடம் போகும்போது கிளினிக் கொப்பியைக் கொண்டுபோங்கள். கிளினிக்குக்குப் போகும்போது சூரணத்தின் பெயரை அதே கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.