சட்டம் படிக்கும்போதே சிறப்புச் சான்றிதழ் வாங்கலாமா?

மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி, திருச்சியில் சட்டம் இரண்டாம் ஆண்டு. படிக்கும்போதே ஏதாவது ஒரு துறையில் சான்றிதழ் வாங்கலாமா, எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறார்.

வாங்கலாம். ஆனால் பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளில் 6ஆம் விதியை முதலில் படித்துவிடுங்கள். சட்டப் படிப்போடு இன்னொரு படிப்பில், அது சான்றிதழ்ப் படிப்பே ஆனாலும், சேரக்கூடாது என்கிறது அது. சான்றிதழ் தேடுபவருக்கு உதவும் விலக்கு இரண்டு: ஒன்று, மொழி அல்லது கணினி தொடர்பான குறுகிய காலப் பகுதிநேரப் படிப்பு; இன்னொன்று, பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வி மையம் நடத்தும் படிப்பு. திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சான்றிதழ் இந்த இரண்டாவது வகை. பணம் கட்டுமுன் கல்லூரி அலுவலகத்தில் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

சான்றிதழ் இருப்பதால் மட்டும் யாரும் வழக்கு தரமாட்டார்கள். நான் தஞ்சாவூரில் ஜூனியராகச் சேர்ந்த முதல் வாரம், சீனியர் ஒரு சிட்டாவையும் (நில உரிமைப் பதிவு) அடங்கலையும் (சாகுபடிப் பதிவு) மேசையில் போட்டு, "இதுல குத்தகைதாரர் எங்கே இருக்கார்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. குத்தகை உரிமைக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவேடே இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

டெல்டாவில் தொழில் செய்யப் போகிறீர்கள் என்றால் நிலம், கோயில் நிலக் குத்தகை, நீர் உரிமை இவற்றை ஒட்டியே தேர்ந்தெடுங்கள். 1955ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தையும், காவிரி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் கூடவே வைத்துப் படியுங்கள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது உங்கள் வீட்டு நிலத்தின் அடங்கலையே எடுத்து உட்காருங்கள்.